புற்றீசலும் ஈயலும்: அருவருப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

நமது நாளிதழ்த் தமிழுக்கு மிகவும் பிடித்துப்போன உவமைகளில் ஒன்று 'புற்றீசல் போல'. தனியார் பள்ளிகள் புற்றீசல் போலப் பெருகும். போலி மருத்துவர்கள் புற்றீசல் போலக் கிளம்புவார்கள். தேர்தல் நெருங்கினால் புதுக் கட்சிகள், ஊருக்கு வெளியே மனைப் பிரிவுகள் எல்லாமே புற்றீசல்தான். சிறுபத்திரிகைகளுக்கும் இந்தப் பட்டம் கிடைத்ததுண்டு. ஆனால் நூலகங்கள் புற்றீசல் போலத் தோன்றின என்று யாரும் எழுதுவதில்லை. எண்ண முடியாதது, வேண்டாதது, மண்ணுக்குள்ளிருந்து வருவது, விலாசம் இல்லாதது, நாளைக்கு இருக்காதது என்கிற ஐந்து வசைகளை ஒரே சொல்லில் அடக்கிவைத்திருக்கும் உவமை இது.

உவமை என்பது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிற விசயம். இந்த உவமையைப் பயன்படுத்துகிறவர் ஈசலை எங்கே நின்று பார்த்திருக்கிறார்? முதல் மழை பெய்த ராத்திரி, வீட்டுக் கூடத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே. சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது, சட்டைக்குள் போகிறது, தரையெல்லாம் இறக்கை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து, காலையில் கூட்டிப் பெருக்கித் தெருவில் கொட்டுகிறார். இதே ராத்திரியில் ஊருக்கு வெளியே புற்றுக்குப் பக்கத்தில் குழிவெட்டி, மேலே தழையோ துணியோ மூடி, உள்ளே விளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் குடத்தோடு காத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த உவமை விளங்காது. "இந்த வருசம் ஈசல் நல்லாப் பொறப்பட்டிருக்கு" என்றுதான் அவள் சொல்வாள். ஒருவர் அணைக்கிற விளக்கை இன்னொருவர் ஏற்றுகிறார். தமிழ் உரைநடை முதலாமவரைத் தன் 'நாம்' ஆக வைத்துக்கொண்டது. இரண்டாமவருக்கு அதில் இடம் இல்லை.

பூச்சி தின்பது பற்றிய பேச்சு இப்போது உலகெங்கும் நடக்கிறது. வருங்கால உணவு என்கிறார்கள், புரதம் என்கிறார்கள், புவி வெப்பத்திற்கு மருந்து என்கிறார்கள். இத்தனை நாளும் 'சீ' என்று தள்ளப்பட்ட ஒன்று இப்போது வெள்ளித் தட்டில் வரப்போகிறது. தள்ளியபோதும் தூக்கிவைக்கும்போதும் புற்றடியில் காத்திருந்தவளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நமது கேள்வி.

2

ஈசலுக்குச் சங்கப் பிரதிகளில் உள்ள பெயர் ஈயல். அங்கே அது உணவாகவே வருகிறது. புறநானூற்று 119ஆம் பாட்டில் பாரி இறந்தபின் அவனது நாட்டை நினைத்துக் கபிலர் புலம்புகிறார். மழை பெய்து முடிந்த காலம். யானை முகத்துப் புள்ளிகளைப் போலக் காட்டில் பூ பூத்திருக்கிறது. செம்புற்றிலிருந்து வந்த ஈயலை மோரில் சேர்த்துச் சமைத்த புளிப்பான உணவு. புதிதாக விளைந்த தினை. இப்படிப்பட்ட நாடு அழிந்துபோகுமோ என்பது அவரது துக்கம். இதில் கவனிக்க வேண்டியது, ஈயல் உணவு இங்கே வறுமையின் குறியீடாக வரவில்லை என்பது. ஒரு நாட்டின் வளத்தைச் சொல்லும் இடத்தில் பூவுக்கும் தினைக்கும் நடுவே அது வருகிறது. இழந்தது என்ன என்று கேட்டால், ஈயல் போட்ட மோர்க்குழம்பு என்று தொடங்குகிற ஒப்பாரி இது.

உ.வே.சா. புறநானூற்றை அச்சிலேற்றிய 1894 முதல் இந்தப் பாட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது. அதே தொகையின் 192ஆம் பாட்டு மேடையேறி, பாடநூலேறி, 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமரின் வாய்வழியாகவும் ஒலித்தாயிற்று. 119 அப்படிப் பயணம் செய்யவில்லை. செய்திருக்கவும் முடியாது. 'செம்மொழி'க்கான பட்டியல் தயாரிக்கிறவர்கள் வீரம், காதல், கொடை, கடல் வணிகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். அவனது நாட்டு மக்கள் மழைக்கு மறுநாள் என்ன சாப்பிட்டார்கள் என்பது மட்டும் உரையாசிரியரோடு நின்றுவிடும்.

ஆனால் இதற்கு எதிராக, 'பாருங்கள், ஆதித் தமிழன் ஈசல் தின்றான், அப்போது சாதியில்லை, தீட்டில்லை' என்று கொடி பிடிப்பதும் சரியாகாது. அகநானூற்று 394ஆம் பாட்டை எடுத்துப் படித்தால் இந்தப் பெருமிதம் சற்றுத் தடுமாறும். முல்லை நிலத்து விருந்து அது. தலைவனை ஒருநாள் வந்துபோகச் சொல்லி அழைக்கிற குரல். ஆட்டுத் தயிர், குற்றிய வரகரிசி, மழை பெய்து ஓய்ந்தபின் ஈரப் புற்றிலிருந்து வந்த ஈயல் இவற்றைச் சேர்த்து ஆக்கிய புளிப்பான சுடுசோறு. மேலே பசுவின் வெண்ணெய் உருகுகிறது. வாசிக்கும்போதே நாக்கில் நீர் ஊறும். யார் சாப்பிடுகிறார்கள்? தலைவனோடு வந்த இளையர், அதாவது ஏவலர். அவர்கள் உண்டபின் தலைவனுக்குக் கிடைப்பது அவனுடைய மனைவி தன் கையால் பரிமாறுகிற பாற்சோறு.

ஈயற்சோறு ஏவலருக்கு, பாற்சோறு தலைவனுக்கு. அருவருப்பு இங்கே இல்லை, உண்மைதான். ஈயல் உணவு ருசியோடுதான் வருணிக்கப்படுகிறது. ஆனால் வரிசை வந்துவிட்டது. எது யாருக்கு என்கிற பிரிப்பு வந்துவிட்டது. பிற்காலத்தில் இந்த வரிசைக்குள் தீட்டு என்கிற கருத்தியல் வந்து உட்கார்ந்தபோது, பால் மேலே போயிற்று, ஈயல் கீழே போயிற்று. அதற்கான இலைகள் ஏற்கெனவே போட்டாயிற்று. பொற்காலம் தேடுகிறவர்கள் இந்த இரண்டு பாட்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

3

அருவருப்பு இயற்கையானது, உடம்பிலேயே இருப்பது என்று நம்புகிறவர்கள் அதிகம். 'பார்த்தாலே குமட்டுதே, அதுக்கு என்ன தத்துவம்?' என்பார்கள். மேற்கில் இதைப் பற்றி யோசித்தவர்களில் மூவரை நமது அனுபவத்தோடு உரசிப் பார்க்கலாம்.

மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில், அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருள் என்று காட்டினார். பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் ஊரும் உயிர்களை விலக்குகிறது, ஆனால் வெட்டுக்கிளியை அனுமதிக்கிறது. தத்துவதனால் அது நிலத்திற்குரிய நடையைக் கொண்டது, வகைமைக்குள் அடங்குகிறது என்பது டக்ளஸின் விளக்கம். யோவான் ஸ்நானகன் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்றான் என்று ஞாயிறுதோறும் கேட்கிற நம்மூர்க் கிறிஸ்தவர் ஒருவர் வெட்டுக்கிளியை வாயில் போடமாட்டார். இஸ்லாத்திலும் வெட்டுக்கிளி ஆகுமானதே. நம்மூர் இஸ்லாமியர் வீட்டு விருந்தில் அதைக் காண முடியாது. வேதம் அனுமதித்தாலும் ஊர் அனுமதிக்கவில்லை. ஆக வகைமை என்பது நூலில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது.

மார்வின் ஹாரிஸ் 1985இல் எழுதியது வேறு வகை. பெரிய விலங்கின் இறைச்சி எளிதாகக் கிடைக்கிற இடத்தில், சின்னச் சின்னப் பூச்சிகளைப் பொறுக்குவது உழைப்புக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே அங்கே பூச்சி விலக்கப்படுகிறது, விலக்கப்பட்ட பிறகு வெறுக்கப்படுகிறது என்கிறார். பொருளியல் கணக்கு என்கிற அளவில் இது உதவுகிறது. ஈசல் ஒரே ராத்திரியில் குடம் குடமாக வருவதால் பொறுக்கும் உழைப்பு குறைவு, அதனால்தான் மற்ற பூச்சிகளை விட்டுவிட்டு ஈசலை மட்டும் பரவலாகத் தின்றார்கள் என்று விளக்கலாம். ஆனால் ஒரே ஊரில், ஒரே புற்றிலிருந்து வருவதை ஒரு தெரு வறுத்துத் தின்னவும் இன்னொரு தெரு முகம் சுளிக்கவும் காரணம் என்ன என்று கேட்டால் ஹாரிஸிடம் பதில் இல்லை. இரண்டு தெருவுக்கும் புற்று ஒரே தூரம்தான்.

ஜூலியா கிறிஸ்தவா 1980இல் அருவருப்பைத் தன்னிலையின் எல்லைப் பிரச்சினையாகப் பார்த்தார். நான் எது, நான் அல்லாதது எது என்கிற கோடு கலங்கும்போது குமட்டல் வருகிறது என்பது அவர் வாதம். அதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, காய்ச்சிய பாலின்மேல் படிகிற ஏடு. அது உதட்டில் பட்டதும் உடம்பே கூசுகிறது என்கிறார். நம் வீடுகளில் அந்தப் பாலேட்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். கோடு உண்டு என்பதில் சந்தேகமில்லை, எங்கே போடப்படுகிறது என்பதை உடம்பு முடிவு செய்வதில்லை.

நம்மிடம் அந்தக் கோட்டைப் போட்டது சாதி. தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடு இணைத்து அம்பேத்கர் 1948இல் எழுதியபோது, உணவு சாதியின் விளைவு மட்டும் அல்ல, அதை நிலைநிறுத்துகிற கருவியும்கூட என்பது வெளிப்பட்டது. பிறகு காலனிய இனவரைவியல் வந்தது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைப் புரட்டினால், எந்தச் சாதி எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பது அந்தச் சாதியின் அங்க அடையாளம்போலக் குறிக்கப்பட்டிருக்கும். தின்பது தரவாயிற்று, தரவு தரவரிசையாயிற்று.

இன்றைக்கும் நமது ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: 'உயர்தர சைவ உணவகம்'. உயர்தரம் என்பது சைவத்துக்கே பட்டா போட்ட சொல். மற்றதெல்லாம் 'அசைவம்', அதாவது சைவம் அல்லாதது, ஒரு எதிர்மறை. மீனும் கோழியும் மாடும் பன்றியும் அந்த ஒரே எதிர்மறைக்குள் தமக்குள் மேல்கீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஈசல் அந்த அடுக்கிலும் இல்லை. அது அசைவத்துக்கும் வெளியே. அதைத் தின்கிறவர்களும் அப்படித்தான். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளின் இருளர்களை எடுத்துக்கொள்வோம். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் குடியிருப்பு. மனைப்பட்டா கிடையாது. இனச் சான்றிதழுக்கு அலைச்சல். பிழைப்பும் உணவும் சாதியும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கிற கட்டமைப்பு இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈசல் தின்றவர்கள் பழங்குடிகள் மட்டும் இல்லை. மானாவாரிக் கிராமங்களில் பல சாதியாரும் தின்றிருக்கிறார்கள். முறத்தில் புடைத்து இறக்கையை ஓட்டிவிட்டு, எண்ணெய் ஊற்றாமலே சட்டியில் வறுப்பார்கள். அதன் கொழுப்பே போதும். பொரியோடு, வறுத்த அரிசியோடு, உடைத்த கடலையோடு கலந்து மடியில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் தெருத்தெருவாகத் தின்னும். காயவைத்து அடுத்த மாதத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். இப்போது கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலத்துல" என்பார்கள். இன்னும் கொஞ்சம் வசதி வந்துவிட்டால் "நாங்க தின்னதில்லை, அவங்கதான் தின்பாங்க" என்பார்கள். 'அந்தக் காலம்' என்பதிலிருந்து 'அவங்க' என்பதற்கு நகர்கிற இந்த இடைவெளியில்தான் இடைநிலைச் சாதிகளின் மேனிலையாக்கம் நடந்து முடிகிறது. தன்னுடைய நேற்றை அடுத்தவனுடைய இன்றாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

4

பூச்சியே தீட்டு என்றால் ஒத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நமது புனிதங்களில் பாதி பூச்சியிடமிருந்து வந்தவை.

காஞ்சிப் பட்டிலிருந்து தொடங்குவோம். கூட்டுக்குள் உயிரோடு இருக்கிற புழுவை வெந்நீரிலோ ஆவியிலோ வைத்துக் கொன்றபிறகே அறுபடாத இழை கிடைக்கிறது. இப்படி வந்த துணிதான் மடி. பருத்தியை நனைத்து உலர்த்தினால்தான் மடியாகும், பட்டுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை. கொல்லாமை பேசுகிற வீட்டுக் கல்யாணத்தில் மணமேடை முழுக்கப் பட்டுதான். கருமாதிக்கும் பட்டு. தேன் பஞ்சாமிர்தத்தில் சேரும், அபிசேகத்துக்கு ஆகும். தேனீ பூவிலிருந்து உறிஞ்சித் தன் வயிற்றில் வைத்துக் கூட்டில் கக்கியதுதான் அது. எச்சில் பார்க்கிற சமூகத்தில் இந்த எச்சில் மட்டும் அமிர்தம். அரக்கும் ஒரு பூச்சியின் சுரப்பே.

அஸ்ஸாமில் போடோ மக்களிடம் எரிப்பட்டு வளர்ப்பைப் பாருங்கள். கூட்டிலிருந்து இழை எடுக்கிறார்கள், உள்ளே இருக்கிற புழுவைச் சமைத்துத் தின்கிறார்கள். சொல்லப்போனால் புழுவே அங்கே முதல் விளைச்சல், நூல் அதற்கு அடுத்தது. பட்டு உடுத்துகிறவர்களும் பட்டுப்புழு தின்கிறவர்களும் அங்கே ஒரே ஆட்கள். நம் தர்மபுரி, ஓசூர்ப் பக்கத்தில் நூற்றபின் மிஞ்சுகிற புழு கோழித்தீவனத்துக்கும் மீன்தீவனத்துக்கும் போகிறது. அந்தக் கோழியை நாம் தின்கிறோம். புழுவுக்கும் நமக்கும் நடுவே ஒரு கோழி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பழைய தமிழின் வகைப்பாடு இப்படிக் கோணலாக இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும்போது கறையானையும் எறும்பையும் மூன்றறிவில் வைக்கிறது. நண்டையும் தும்பியையும் நான்கறிவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. இன்றைய உயிரியலும் நண்டு, இறால், பூச்சி எல்லாவற்றையும் கணுக்காலிகள் என்றே சொல்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று எச்சரிக்கிறார்கள். உடம்புக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம். 'இறால்' என்கிற சொல்லே பழந்தமிழில் கடலில் கிடைப்பதற்கும் தேன்கூட்டுக்கும் பொதுவாக வழங்கியிருக்கிறது. இன்றைக்கு இறால் கிலோ எவ்வளவு என்று விலை கேட்கிறோம், ஈசல் என்றால் காதைப் பொத்துகிறோம்.

இந்தக் கோணல் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் பழங்குடிகள் போராடிப் பெற்றது, அதில் மாற்றுக் கருத்தில்லை. அதில் 'சிறு வன விளைபொருள்' என்பதற்குத் தரப்படும் வரையறையைப் படியுங்கள். தாவரத்திலிருந்து கிடைக்கும், மரமல்லாத பொருட்கள் என்று தொடங்கி, மூங்கில், பிரம்பு என்று அடுக்கிக்கொண்டே போய், டசர், பட்டுக்கூடு, தேன், மெழுகு, அரக்கு என்கிறது. தேனும் மெழுகும் அரக்கும் தாவரமாகிவிட்டன! பூச்சி செய்து தருகிற பொருட்கள் ஐந்தையும் சட்டம் வாங்கிக்கொண்டது, பூச்சியின் பெயரை மட்டும் விட்டுவிட்டது. காட்டில் தேன் எடுப்பவருக்கு உரிமை எழுத்தில் இருக்கிறது. அதே காட்டில் ஈசல் பிடிப்பவருக்கு, செவ்வெறும்பு எடுப்பவருக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. சந்தைக்குப் போவது விளைபொருள், வயிற்றுக்குப் போவது கணக்கில் வராதது. இதை யாரும் சதிசெய்து எழுதவில்லை. எழுதிய கைக்குப் பூச்சி உணவென்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கருத்தியல் வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான்.

5

இனி உலக மேடைக்கு வருவோம். 1885இல் இங்கிலாந்தில் வின்சென்ட் ஹோல்ட் என்பவர் பூச்சிகளை ஏன் தின்னக்கூடாது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். பயிரைத் தின்கிற பூச்சியை ஏழை உழவன் தின்றுவிட்டால் பயிரும் பிழைக்கும், அவன் வயிறும் நிறையும் என்பது அவர் யோசனை. கடைசியில் மாதிரி விருந்துக்கு உணவுப்பட்டியல் தருகிறார். அதில் பலகாரங்களின் பெயர்கள் பிரெஞ்சில் இருக்கின்றன! கனவான்கள் தின்ன வேண்டுமானால் புழு முதலில் பிரெஞ்சு கற்க வேண்டியிருக்கிறது. ஏழைக்கு அது சிக்கனம், பணக்காரருக்கு அது நாகரிகப் புதுமை. இன்றுவரை இந்த இரட்டை மொழி மாறவில்லை.

2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உண்ணத்தக்க பூச்சிகள் பற்றி வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. 1900க்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் உணவாகின்றன, 200 கோடிப் பேரின் உணவில் அவை இடம்பெறுகின்றன என்றது. அந்த 200 கோடி என்ற எண்ணுக்குத் திடமான ஆதாரம் இல்லை என்று அறிக்கையின் முதன்மை ஆசிரியரே சகாக்களோடு சேர்ந்து 2022இல் எழுதினார். தின்கிற மக்கள் இந்தச் சொல்லாடலில் இப்படித்தான் நுழைந்தார்கள், ஒரு உருண்டை எண்ணாக. அவர்கள் யார், எந்த நிலத்தில் பொறுக்குகிறார்கள், அந்த நிலம் யாருடையது என்பதற்குள் முதலீடு போவதில்லை.

பிறகு அனுமதிகள் வந்தன. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவை விற்க அனுமதித்தது. அதன் சட்டமொழியில் இது 'புது உணவு'. யாருக்குப் புதுசு? 2024 சூலையில் சிங்கப்பூர் பட்டுப்புழு, வெட்டுக்கிளி உட்பட 16 பூச்சி இனங்களுக்கு அனுமதி கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, அவை முறையான பண்ணைகளில் வளர்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும், காட்டிலிருந்து பிடித்தவையாக இருக்கக்கூடாது. சுகாதாரக் காரணங்கள் இருக்கலாம். பூச்சிமருந்து பட்ட வயலில் பிடித்ததைத் தின்பது ஆபத்து என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஈசலைப் பண்ணையில் பெருக்க முடியாது. அது மழையைக் கேட்டு வருவது, புற்றைக் கேட்டு வருவது. பொறுக்கித் தின்கிற மரபு முழுவதும் ஒரே நிபந்தனையில் வெளியே போய்விட்டது. பூச்சி உள்ளே வந்துவிட்டது, பூச்சி தின்றவர் வெளியே நிற்கிறார். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை நமது மக்கள் எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

இதன் மறுபக்கமாக இத்தாலியைப் பாருங்கள். 2023இல் அங்கே வலதுசாரி அரசு பாஸ்தாவிலும் பீட்சாவிலும் பூச்சி மாவு கலப்பதற்கு எதிராக ஆணைகளை அறிவித்தது. தேசியப் பண்பாட்டைக் காக்கிறார்களாம். உணவை வைத்து 'நாம்' என்பதைக் கட்டுகிற வேலை எல்லா நாட்டு வலதுசாரிக்கும் கைவந்த கலை, நமக்கு இது புதிதில்லை. அமெரிக்காவில் நிலக்கடலை வெண்ணெயில் 100 கிராமுக்குச் சராசரி 30 பூச்சித் துணுக்குகளை எட்டினால்தான் நடவடிக்கை என்கிறது உணவுத் துறையின் வரம்பு. அதற்குக் கீழே இருந்தால் தின்னலாம், தின்றுகொண்டும் இருக்கிறார்கள். தெரியாமல் தின்பதில் எந்தப் பண்பாடும் கெடுவதில்லை.

பாங் ஜூன்-ஹோவின் 'ஸ்னோபியர்சர்' (2013) படத்தை நமது தோழர்கள் வர்க்கப் போராட்டத்தின் உருவகமாகக் கொண்டாடினார்கள். சரிதான். ரயிலின் கடைசிப் பெட்டி மனிதர்களுக்குக் கறுப்பான புரதக் கட்டி தரப்படுகிறது. அது கரப்பான் போன்ற பூச்சிகளை அரைத்துச் செய்தது என்று தெரியவரும் காட்சியில் அரங்கமே முகம் சுளிக்கிறது. சுரண்டலின் உச்சத்தைக் காட்டப் படத்துக்குக் கிடைத்த படிமம் பூச்சி. அந்தக் கட்டியில் கொடுமை எது? எதைத் தின்கிறோம் என்று தெரியாமல், வேறு வழியில்லாமல், அடுத்தவன் அளந்து போடுவதைத் தின்ன வேண்டியிருப்பது. ஆனால் பார்வையாளன் வயிற்றைப் புரட்டுவது பூச்சியை வைத்துத்தான். புரட்சிகரமான கதைக்குள்ளும் அருவருப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. ஈசல் வறுத்துத் தின்று வளர்ந்த ஒருத்தி அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் பார்த்திருப்பாள் என்று யோசிக்க வேண்டும்.

6

அங்கீகாரம் வேண்டும் என்கிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் பழங்குடிகளின் செவ்வெறும்புத் துவையலுக்கு 2024 சனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. அதற்கு முன்பு 2021இல் இதே துவையலைக் கொரோனாவுக்கு மருந்தாக அறிவிக்கக் கேட்டு ஒருவர் உச்சநீதிமன்றம் வரை போனார். நீதிமன்றம் மறுத்துவிட்டது, மறுத்ததும் சரியே. ஆனால் அந்த மனுவின் மனநிலையை யோசிக்கலாம். மருந்து என்றால் மதிப்பு, புரதம் என்றால் மதிப்பு, குறியீடு பெற்ற பண்டம் என்றால் மதிப்பு. 'எங்களுக்குப் பிடிக்கும், தின்கிறோம்' என்பதற்கு மட்டும் மதிப்பில்லை. ருசி என்பது மேல்தட்டுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட வாதம். கீழே இருப்பவர்கள் தின்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும், பசி, வறுமை, மருந்து என்று ஏதாவது ஒன்று.

இருளர்களின் பாம்பு பிடிக்கும் அறிவுக்கும் இதே கதைதான். 1972 வனவிலங்குச் சட்டத்தையொட்டிப் பாம்புத்தோல் பிழைப்பு போயிற்று. 1978இல் நஞ்சு எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அரசுக்குப் பயன்படுகிற அறிவு விருது வாங்குகிறது. தங்களுக்காக மட்டும் வைத்திருக்கிற அறிவு, எந்தப் புற்று எந்த மழைக்கு வெடிக்கும், எப்போது குழிவெட்ட வேண்டும் என்கிற அறிவு, எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மாட்டுக்கறி விருந்துகளைப்போல ஈசல் விருந்து நடத்தலாமே என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 2017இல் மாடு விற்பனைக்கு எதிரான மத்திய அரசின் விதிகளை எதிர்த்துத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடந்த விருந்துகள் அரசியல்ரீதியாகத் தேவையானவை. அங்கே கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவைச் சட்டம் நேரடியாகத் தாக்கியது, பதிலும் நேரடியாக இருந்தது. ஈசலை யாரும் தடை செய்யவில்லை. புற்றிருக்கிற புறம்போக்கு மனையாகிறது, ஏரிக்கரை சாலையாகிறது, வயல் மருந்தில் நனைகிறது. மிஞ்சிய புற்றுக்கு மஞ்சள் பூசி வேலி போட்டு உண்டியல் வைத்தால் அதுவும் போயிற்று. புற்றை அம்மனாகக் கும்பிட்ட அதே மக்கள்தான் அதன் ஈசலையும் தின்றார்கள், அவர்களுக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. உண்டியலுக்குத்தான் முரணாகப் படுகிறது. தவிரவும் ஈசலுக்குத் தேதி குறித்து அழைப்பிதழ் அடிக்க முடியாது. நகரத்து மண்டபத்தில் தட்டில் வைத்த ஈசல் நமது வீரத்துக்குச் சான்றாகலாம், புற்றடியில் நிற்பவளுக்கு ஒரு பயனும் இல்லை.

செய்ய வேண்டியவை வேறு. பொது நிலத்தில் பொறுக்கும் உரிமையை உணவு உரிமையாகக் கேட்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் வரையறையில் 'தாவரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி எழுப்ப வேண்டும். மனைப்பட்டாவுக்காகவும் சான்றிதழுக்காகவும் நடக்கிற போராட்டங்களோடு இதைச் சேர்த்துப் பேச வேண்டும். நிலம் இல்லாமல் மெனு மட்டும் கிடைப்பதில் அர்த்தம் இல்லை.

எழுதுகிறவர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. நமது புனைகதைகளில் ஈசலோ எலியோ நத்தையோ வந்தால், அது பெரும்பாலும் 'எவ்வளவு வறுமை பாருங்கள்' என்பதற்காகவே வருகிறது. வாசகர் கண்கலங்க வேண்டும், அதற்காக ஒருவர் ஈசல் தின்ன வேண்டும். பரிவோடு எழுதப்பட்டாலும் இது தர்ஸ்டனின் பதிவேட்டுக்கு வெகுதூரத்தில் இல்லை. கபிலர் அப்படி எழுதவில்லை. சூடு தாங்காமல் வெண்ணெய் உருகுவதைப் பார்த்தவரும் அப்படி எழுதவில்லை. முறத்தில் புடைக்கும்போது இறக்கை பறப்பது, சட்டியில் போட்டதும் எழுகிற வாசம், கடலையோடு சேர்த்து மெல்லும்போது நொறுங்குவது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கை கொடுத்தனுப்புவது, இவற்றை உள்ளிருந்து எழுதுகிற குரல்கள் இப்போது பழங்குடிகளிடமிருந்தே வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை வாசிக்கும்போது இரக்கப்படாமல் வாசிக்க நாம் பழக வேண்டும். அடுத்த மழைக்கு ஏதாவது ஒரு பத்திரிகை எதையாவது புற்றீசல் என்று திட்டும். திட்டட்டும். நாம் எழுதும்போதாவது வேறு உவமை தேடிக்கொள்ளலாம்.